வேலியோரத்து டின்களும் வெள்ளைக்கல்லும்

மேஸ்திரி பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னார். என் பூ டின்களுக்குள் சுரங்கத்திலிருந்து திருடிய கல் இருக்கிறது என்று லயன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தங்கச் சுரங்கத்தில் கோரமண்டல் பக்கம், கூலியாட்கள் வரிசை வீடுகளான ஒரு லயனில், மூங்கில் தட்டி வீட்டில். என் வீட்டுக்காரருக்குப் பூமிக்கு அடியில் பாறையில் துளை போடுகிற வேலை. லயனில் யாரும் தரையைத் தோண்டக் கூடாது. தோண்டினால் தங்கக் கல்லைப் புதைக்கிறார்கள் என்று வாட்ச்மேன் வந்து நிற்பான். தோண்டினாலும் அங்கே எதுவும் முளைக்காது. தங்கம் எடுக்கப் பாறையை மில்லில் அரைத்துக் கொட்டிய மணல் காற்றில் பறந்து வந்து படிந்த தரை அது.

அதனால்தான் டின்னில் வளர்த்தேன். மண்ணெண்ணெய் டின், வெடிமருந்து வந்த பலகைப் பெட்டி, வாய் உடைந்த பானை என்று எது கிடைத்தாலும் விடவில்லை. எல்லாவற்றையும் வேலியோரம் வரிசையாக வைத்தேன். ஏரி மண்ணைக் கூடையில் சுமந்து வந்து சாணி எரு கலந்தேன். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆகவே அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதன்மேல் ஒரு கை வெள்ளைக்கல் பரப்பினேன். கழிவுக் குவியலிலிருந்து உருண்டு பாதையில் கிடந்த கல் அது. தங்கம் இல்லை என்று கம்பெனியே வெளியே கொட்டியது. மழைக்காலத்தில் சேற்றை மிதிக்காமலிருக்க எல்லோரும் வாசலில் அந்தக் கல்லைத்தான் போட்டிருந்தார்கள். மேஸ்திரி வாசலில் எல்லோரையும்விட அதிகமாகக் கிடந்தது.

கனகாம்பரம் முதலில் பிடித்தது. பிறகு செண்டுமல்லி, சாமந்தி. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேலியில் கைவிட்டு ஆளுக்கொரு பூ பறித்துப் போவார்கள். சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டில் ஏறுவதற்கு முன்னால் அங்கே மஞ்சள் பூசி வைத்திருந்த கல்லின்மேல் அதை வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நான் யாரையும் தடுத்ததில்லை. என் பூ வைத்துவிட்டு இறங்கியவர்கள் மாலையில் ஏறி வந்தால் எனக்கு அது போதும்.

அந்த வேலியோரம் மேஸ்திரிக்கு எருமை கட்ட வேண்டியிருந்தது.

"டின்னையெல்லாம் உள்ள எடுத்துக்க. இந்த எடம் எனக்கு வேணும்."

"எடம் கம்பெனியோடது மேஸ்திரி. நான் தோண்டல, வெச்சிருக்கேன். உங்க எருமைய உங்க ஊட்டு முன்னால கட்டிக்குங்க."

அவர் போய்விட்டார். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்த நேரத்தில் இரண்டு வாட்ச்மேன்களோடு வந்தார். தொட்டிக்கு எதிரேதான் என் வேலி. முதல் டின்னைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார். மண் சரிந்தது, வேரோடு செடி விழுந்தது, வெள்ளைக்கல் தெரிந்தது.

"இன்னாது இது?"

"தண்ணி நிக்கக் கூடாதுன்னு போட்டது. உங்க வாசல்லயும் இதே கல்லுதான் கெடக்குது. அதையும் எடுத்துக்கினு போங்க."

"திருடிக்கு வாயப் பாரு" என்றார். தொட்டிப் பக்கம் திரும்பி, "எல்லாரும் பாத்துக்குங்க. பூச்செடியாம், பூச்செடி. புருசன் கீழேர்ந்து கல்லு கொண்டாறான், இவ மேல மண்ணு போட்டு மூடறா" என்றார்.

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். "அதான் இவ பூவு இந்த மஞ்சளா இருக்குது. சவரன் வெலைக்கு விப்பா போல."

எல்லா டின்னையும் கவிழ்த்தார்கள். கல்லை மூட்டை கட்டி ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இடித்துத் தூளாக்கித் தட்டில் போட்டுக் கழுவிப் பார்த்தார்கள். ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. அன்று சாயங்காலம் மேஸ்திரி எங்கள் வீட்டுத் தட்டிக்கு வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஒண்ணும் இல்லயாம். உட்டுத் தள்ளு."

நான் விட்டுத் தள்ளவில்லை. வேர் காயாத செடிகளைப் பொறுக்கி மறுபடியும் நட்டேன். அடியில் அதே வெள்ளைக்கல்லைத்தான் போட்டேன். பாதை நடுவில் குனிந்து, எல்லோரும் பார்க்கத்தான் பொறுக்கினேன். டின் நசுங்கியிருந்தது, நிமிர்த்திக்கொண்டேன். எருமை வேறிடத்துக்குப் போனது. அடுத்த பருவத்தில் செண்டுமல்லி முன்னைவிட அடர்த்தியாகப் பூத்தது.

ஆனால் பறிக்க யாரும் வரவில்லை. ஷிப்டு ஆட்கள் பாதையின் அந்தப் பக்கமாக நடந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பிடி பூ எடுத்துப் போய்க் கொடுத்தபோது, "அந்த வேலிப் பூவு வேணாம்பா, எங்களயும் சோதனை போடுவான்" என்று கூட வேலை செய்கிறவனே கையை எடுத்துக்கொண்டான். அவர் மட்டும் ஒரு பூ வைத்துவிட்டு இறங்கினார். மற்றவை செடியிலேயே காய்ந்தன. சுரங்கத்தில் கல் திருடிய குடும்பம் என்றால் நாளைக்கு எங்கள் பிள்ளைக்கும் அங்கே வேலை கிடையாது. அந்தப் பேர் இன்னும் எங்கள்மேல் இருக்கிறது. இன்றைக்கும் டின்கள் வேலியோரம் வரிசையாக நிற்கின்றன. அவை இருக்கிறவரை நானும் கேட்பேன்.

மேஸ்திரி, நீர் அதே லயனில்தான் இருக்கிறீர். அதே தொட்டியில்தான் உம் வீட்டுக்கும் தண்ணீர் பிடிக்கிறார்கள். என்னைத் திருடி என்று சொன்ன குரல் உம்மிடம் இன்னும் இருக்கிறது. பெண்கள் குடம் வைக்கிற நேரத்தில் தொட்டியடிக்கு வாரும். என் தட்டிக்கு வெளியே முணுமுணுத்தது போதாது. அந்தக் கல்லை இடித்துக் கழுவியபோது தட்டில் என்ன கிடைத்தது? எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லும்.