விரிப்பு வீசிய காற்று

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'இஸ்திரி' என்று பெயர். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, விறைப்பாக மறுபக்கம் அனுப்புகிற வேலை. அந்தப் பக்கம் நின்று அவற்றை மடித்து அடுக்குகிறவளை 'மடிப்பு அக்கா' என்பார்கள். நாள் முழுக்க எதிரெதிரே நின்றாலும் இரைச்சலில் பேச முடியாது. அதனால் மேற்பார்வையாளரைக் கண்ணாலேயே கிண்டல் செய்யப் பழகியிருந்தார்கள்.

ஒரு கோடையில், ஆவியை வெளியே தள்ளும் விசிறி பழுதாகிக் கிடந்த நாளில், இஸ்திரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காய்ந்த சூடாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். ஈரமும் சூடும் சேர்ந்து உடம்பைக் கம்பளி போலப் போர்த்திக்கொண்டன; வேர்வை வழிந்ததே தவிர உலரவில்லை. சுருண்டு விழுந்தவளை அக்கா இழுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் கிடத்தி, கையில் கிடைத்த அட்டையால் விசிறினாள். மூச்சு சீரானதும் அக்கா சொன்னது இதுதான்: "பயமுறுத்திட்டியேடி, எரும!"

இனிமேல் ஆவியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை போனது. வீட்டில் சும்மா இருப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தாள். பார்சல் வண்டி ஓட்டும் கணவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஊர் ஓரத்தில் அவன் அண்ணனுடைய நீளமான தகரக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் பிராய்லர் கோழி வளர்க்கலாம் என்றான்.

"கோழியா? நான் ஒரு பூனைகூட வளர்த்ததில்லையே."

"என்னை வச்சு வளர்க்கலையா? அதைவிடக் கஷ்டமா?"

குளிர்காலத்தில் விட்ட முதல் குஞ்சுகள் எந்தத் தொந்தரவும் தராமல் வளர்ந்து லாரி ஏறின. அடுத்த கூட்டம் கொழுத்து எடை பிடித்தபோது கோடை உச்சியில் இருந்தது. குஞ்சு கொடுத்த கம்பெனி ஆள் முன்பே சொல்லியிருந்தார்: கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும், தீனி செரிக்கும்போது உள்ளே சூடு ஏறும், அதனால் வெயில் ஏறுவதற்குள் தீனித் தட்டுகளைத் தூக்கிவிட வேண்டும். அவளும் அப்படியே செய்துவந்தாள்.

லாரி வருவதற்குச் சில நாட்களே இருந்தபோது, ஒரு நடுப்பகலில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு இருமி இருமி நின்றது. விசிறிகள் அடங்கின. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. கோழிகள் இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அலகைப் பிளந்து, தொண்டை துடிக்க இரைத்தன.

அன்று விடுப்பில் இருந்த கணவன் மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "உள்ள அடிச்சு எல்லாத்தையும் நனைச்சுடறேன்!"

"வேணாங்க, நிறுத்துங்க! காத்தே இல்லாத எடத்துல ஈரத்தையும் ஏத்தினா வெந்துபோயிடும். நான் அதுல விழுந்து எழுந்தவ. வெளிய போய் கூரை மேல அடிங்க."

அவன் ஏணியை எடுத்தான். அவள் பக்கவாட்டுக் கம்பி வலையை மூடியிருந்த படுதாக்களைச் சுருட்டி மேலே கட்டினாள். குடிநீர்க் குழாயில் கிடந்து சுட்ட நீரைத் திறந்துவிட்டு, புது நீரை நிரப்பினாள். பிறகு உள்ளே மெல்ல நடந்து, படுத்திருந்த கோழிகளைக் காலால் நகர்த்தி நகர்த்தி எழுப்பினாள். எழுந்தால்தான் வயிற்றடியில் தேங்கிய சூடு போகும். அப்படியும் சில சாய ஆரம்பித்தன. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கரண்ட் போச்சு, காத்தே இல்ல. என் கோழியெல்லாம் சூட்டுல சாயுது..."

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கொட்டகை எவ்வளவு நீளம்டி?"

ஷிப்ட் முடிந்த சலவைக்கூடப் பெண்கள் ஆறு பேர் அக்காவோடு மருத்துவமனைத் துணி வண்டியில் வந்து இறங்கினார்கள். கூடவே, கிழிந்துபோய்க் கழித்த விரிப்புகள் ஒரு மூட்டை. அக்கா கம்பி வலை வழியாக உள்ளே பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் மாறியது. உடனே திரும்பிப் பெண்களிடம் சொன்னாள்: "ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. உதறாதீங்க, சத்தத்துல மிரண்டுடும். மெதுவா தூக்கி, காத்தை உள்ள பாத்துத் தள்ளுங்க."

வருடக்கணக்காகச் சேர்ந்து மடித்த கைகள். சொல்லித்தர எதுவும் இருக்கவில்லை. வலைக்கு வெளியே நின்று அவர்கள் தூக்கியபோது விரிப்புகள் வயிறு உப்பின. தாழ்த்தியபோது காற்று உள்ளே போனது. கூரை விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தாண்டிப் போன காற்று கொஞ்சம் குளிர்ந்தே போனது. மேலிருந்து கணவன் குழாயைத் திருப்பியதில் அக்கா முழுக்க நனைந்தாள்.

"என்னை எதுக்குத் தம்பி குளிப்பாட்டறே? கோழி அங்க இருக்கு!"

அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

முதலில் விளிம்பில் இருந்த கோழிகள் இறக்கையை மடக்கின. பிறகு அதற்கு உள்ளே இருந்தவை. கை மாற்றிக்கொள்ளலாம் என்று இஸ்திரி எத்தனை தடவை கேட்டும் அக்கா விரிப்பை விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் வந்து விசிறிகள் சுழன்றதும், பெண்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். செத்தவற்றைக் கணவன் ஒரு கூடையில் பொறுக்கினான். கொட்டகை முழுவதும் போய்விடும் என்று நினைத்திருந்தவள் அந்த ஒற்றைக் கூடையைப் பார்த்து, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை இஸ்திரி தைலப் புட்டியோடு அக்கா வீட்டு மாடிப்படி ஏறினாள். அக்கா தலைவிரிகோலமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல. நீயே சீவி விடு."

இஸ்திரி முதலில் தோள்களில் தைலத்தை அழுத்தித் தேய்த்தாள். அப்புறம் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"அடுத்த கோடைக்குப் பாதிக் குஞ்சுதான்க்கா விடப்போறேன். நெருக்கம் இருந்தா தாங்காது. ஜெனரேட்டரையும் மாத்தணும்."

"ம்."

"நேத்து மட்டும் நீ வரலேன்னா அக்கா..."

"முடியை இழுக்காதடி, வலிக்குது."

அவள் இழுக்கவே இல்லை. இருவருக்கும் அது தெரியும். சீப்பை ஒரு கணம் நிறுத்தி, நெற்றியை அக்காவின் முதுகில் சாய்த்துக்கொண்டாள். அக்கா அந்தக் கனம் தாங்கும்படி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.