உதட்டுக்கு எண்ணெய்

2023 ஜூலை 8, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. திருகோணமலைத் துறைமுக வீதியில் பேருந்து இருபத்தைந்து நிமிடம் தாமதம். தரிப்பிட நிழலில் ஒரு பெண் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். வலது கையில் மூன்று கண்ணாடி வளையல், இடது கையில் ஒன்றுமில்லை. உதட்டில் தேங்காய் எண்ணெய் பூசாதவருக்கு அவர் பழம் கொடுக்கமாட்டார். பூசாவிட்டால் பழத்தின் பால் உதடுகளை ஒட்டிவிடும்.

எனக்கும் எண்ணெய்ச் சிமிழை நீட்டினார். நான் தொடவில்லை.

“இதின்ரை விஞ்ஞானப் பேர் மணில்காரா ஹெக்சாண்ட்ரா. மணில்காரா எண்டது பேரினம். ஹெக்சாண்ட்ரா எண்டா, பூவிலை ஆறு கேசரம், மகரந்தத் தாள்” என்றேன்.

“ஆறையும் எண்ணினவர் பழத்தைத் திண்டவரோ?”

“தெரியாது.”

“திண்டிருந்தா வாய் ஒட்டியிருக்கும். இவ்வளவு நீளப் பேர் சொல்ல ஏலாது. பூசுங்கோ ஐயா.”

“என்ரை மனிசிதான் பூசிவிடுறவ.”

“அவ வரேல்லையோ?”

“அவ செத்து ஏழு பாலைப்பழக் காலம் போட்டுது. பிறகு நான் தின்னேல்லை.”

அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிமிழை நீட்டிய கை மட்டும் இறங்கவில்லை. முதன்முறையாக என் விரலால் நானே பூசிக்கொண்டேன். பழம் பழைய இனிப்போடுதான் இருந்தது. அவள் இல்லாமல் அது குறைந்திருக்கும் என்று நம்பியிருந்தேன்.

அடுத்த இரண்டு ஆண்டும் அங்கே போய்த் தேடினேன். அந்தப் பெண் இல்லை. அன்று எண்ணெய்க்கு அவர் காசு கேட்கவில்லை. சுண்டு என்ற சிறு படியால் அளந்த ஒரு சுண்டுப் பழத்துக்கு மட்டும் முந்நூறு ரூபாய்.