குருவிமலையின் அரை மணி

நோட்டன் பிரிட்ஜ் ஊர்ப் பிரியந்திக்கு ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பனியில் வேலை. என்ன வேலை என்று அவளுடைய அம்மாவுக்கே வெகுநாள் விளங்கவில்லை. கம்பனியின் பதினொரு தொழிற்சாலைகளிலும் இணையத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற பெட்டிகள் இருக்கின்றன, ரவுட்டர் என்பார்கள். கொழும்புத் தலைமையகம் போட்ட விதிப்படி அவை நடக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் பாடு. கடவுச்சொல் போதிய நீளமா, வேண்டாத வழி அடைத்திருக்கிறதா, நேரம் சரியா என்று காலையில் ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"பெட்டிகளுக்குப் பெரட்டுல பேர் கூப்பிடுறேம்மா" என்றாள் ஒருநாள், தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுப்பதை நினைத்து.

"அடியே, அப்ப நீ கங்காணியா!" என்று அம்மா பூரித்துப் போனாள்.

கங்காணியோ என்னவோ, இரண்டு வருடமாக வெறும் ஒப்பந்த வேலை. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து, விதிகளை எழுதிய நிரஞ்சன் சாரே சோதனைக்கு வருகிறார். அறிக்கையில் பதினொன்றும் சரி என்று பச்சை காட்டினால் நிரந்தர நியமனம். பத்து பச்சை. குருவிமலைத் தொழிற்சாலை மட்டும் சிவப்பு. அங்கே நேரம் அரை மணி முந்தி ஓடியது. ஹட்டனிலிருந்தே திருத்தினாள். மறுநாள் சிவப்பு. மறுபடி திருத்தினாள். மறுபடியும் சிவப்பு. அட கெரகமே என்று புதன்கிழமை பஸ் ஏறிவிட்டாள்.

குருவிமலையில் தேயிலைப் பதம் பார்க்கிற டீமேக்கர் சிறில் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க மிஸ்! ஒங்க பெட்டிக்கு என்ன சீக்கோ, தெனம் அரை மணி பிந்திப் போயிருது. ஆளுங்க வரவு பதியிற கைரேகை மெசினும் அதப் பாத்துத்தானே ஓடுது? பாவம், புள்ளைக்கு வேலை போயிரக் கூடாதேன்னு நாந்தான் சரி பண்ணி வைக்கிறேன்."

கடவுச்சொல் நல்ல நீளம்தான். பெட்டியின் முதுகிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அழுவதா சிரிப்பதா? எந்தக் காலத்திலோ தோட்டத்தை ஆண்ட ஒரு வெள்ளைக்காரத் துரை, ஆட்களை வெள்ளென மலைக்கு அனுப்பத் தோட்டத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தாராம். துரை போய்விட்டார், கடிகாரத்தை யாரும் திருப்பவில்லை. சங்கு ஊதுவதிலிருந்து தேர் இழுப்பது வரை குருவிமலையில் எல்லாம் அந்த நேரம்தான்.

பிரியந்தி விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். பெட்டி உலக நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றுதான் இருந்தது. எந்த நாட்டுக் கணக்கில் மணியைக் காட்ட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அடி சக்கை! இலங்கை என்றிருந்ததைப் பங்களாதேஷ் ஆக்கினாள். அங்கே நம்மைவிட அரை மணி முன்னால். கையோடு கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டாள். சங்குக்கும் கேடில்லை, பதினொன்றும் பச்சை.

வெள்ளிக்கிழமை நிரஞ்சன் சார் முதலில் குருவிமலைக்கே போவோம் என்றார். ஏழரைக்கு வருவதாகச் சொல்லி, ஏழரைக்கு டாண் என்று அறிக்கையும் கையுமாக வாசலில் நின்றார். கம்பனி ஆள் எவரானாலும் கைரேகை வைக்க வேண்டும் என்பதும் கொழும்பு விதிதான். விரலை வைத்தார். மெசின் எட்டு என்றது.

"அரை மணி லேட்டு சார்" என்று லேட்டுப் புத்தகத்தை நீட்டினார் சிறில். "இங்க லேட்டுன்னா அரைப் பேருதான். அரை நாள் சம்பளம்."

நிரஞ்சன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், பிரியந்தியைப் பார்த்தார்.

"மெசின் பிழையா?"

பிரியந்தி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பிழை என்றால் நியமனம் போச்சு. சரி என்றால் சோதிக்க வந்த மனுசனே பிந்தி வந்தவர்.

"மெசின் சரிதாங்க சார். அறிக்கையில பாருங்களேன், பச்சை."

பார்த்தார். அவர் எழுதிய விதி, அவர் கேட்ட பச்சை. பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். அறிக்கையில் ஒரு கையெழுத்து, லேட்டுப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து.