பழைய தெருவில் சிக்னல் கூப்பிட்டது

ரிங் ரோடு தாண்டி, டிக்கெட் வாங்கினால் பழைய காலத்துக்குள் நடந்துவிட்டு வரலாம் என்று ஒரு தெருவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து செகந்திராபாத் தெரு. இரானி ஹோட்டல், தையல் கடை, தபாலாபீஸ், குதிரை வண்டி, நாலைந்து பழைய கார், மூக்கு நீண்ட ஒரு பஸ். எல்லாம் புதிதாகக் கட்டி, அப்புறம் ஆள் வைத்து அழுக்காக்கியது. கேட்டிருந்தால் எங்கள் வீட்டுச் சுவரை சும்மாவே கொடுத்திருப்பேன்.

அந்த பஸ்ஸை என் வீட்டுக்காரர் ஓட்டினார். நான் அதில் பயணி. டிரைவருக்குப் பின் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கிழவி, அதற்குச் சம்பளம். தெருவைப் பார்த்துக்கொள்ளும் மேடம் பேன்ட் போட்ட சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்த அன்று, "மேக்கப் காவாலா, அம்மம்மா?" என்று கேட்டாள்.

"அறுபத்தெட்டு வருஷமா போட்டுக்கிட்டு இருக்கேன், இன்னும் எதுக்கும்மா?" என்றேன்.

அவர் கூட்ஸ் வண்டி டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிறகு சில வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினார். அதுவும் நின்றபோது வீட்டில் குழாயோடு சண்டை, மின்விசிறியோடு சண்டை. என்னோடு போட்டதைச் சொல்லவே வேண்டாம். இந்த பஸ் கிடைத்ததும் மனிதர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட ஆரம்பித்தார். திருமுல்கேரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

தையல் கடை வாசலில் கோட்டு மாட்டிய ஆளுயரப் பொம்மை ஒன்று நிற்கும். ஒரு நாள் அதைக் கடக்கும்போது இவர் கையைத் தூக்கி, "சலாம் பாய்" என்றார். விளையாட்டு என்று சிரித்தேன். அடுத்த சுற்றிலும் சலாம். மூன்றாவது சுற்று முடிந்து இறங்கியதும், "அந்த டெய்லருக்கு இன்னா திமிரு பாத்தியா? பதிலுக்குத் தலையக்கூட ஆட்ட மாட்டேங்கறான்" என்றார்.

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கமே திருப்பவில்லை.

"கண்ண ஒரு தடவ காட்டிக்கிட்டு வந்துடலாமே?"

"யார் கண்ண? முப்பத்தாறு வருஷம் ரயில்வே டாக்டர் பாத்த கண்ணுடி இது. ஒரு டெஸ்ட்ல பெயிலானதில்ல."

"டாக்டரு பாத்தாரு சரி. கண்ணு பாக்குதா?"

அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

அந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் தெருவில் நடக்கிற மாதிரியா நடப்பார்கள்? நடு ரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று போட்டோ எடுப்பார்கள். பஸ்ஸையும் பொம்மை என்று நினைப்பு. அது நடை வேகத்தில்தான் போகும். ஆனாலும் இரும்பு. மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும், இரானி ஹோட்டல் டீ நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். சொன்னால் பஸ் போய்விடும். பஸ் போனால் அவர் மறுபடி குழாயோடு சண்டைக்குப் போவார். சொல்லாவிட்டால் யாராவது ஒரு பிள்ளை சக்கரத்துக்கு அடியில் போகும்.

ரயில் எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் தெரிந்ததும் அசிஸ்டென்ட் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால் அது கிளிப்பேச்சு என்று ஒரு அசிஸ்டென்டை இவர் அடிக்கவே போயிருக்கிறார்.

"ஏங்க, உங்க அசிஸ்டென்ட் மாதிரி நான் கூப்பிடட்டா? வழி காலின்னா கிரீன், ஆளு குறுக்க இருந்தா எல்லோ, நிக்கணும்னா ரெட். ஜனங்க சிரிப்பாங்க" என்றேன்.

உனக்கு இன்னாடி தெரியும் சிக்னலு என்று கத்துவார் என்றுதான் நினைத்தேன்.

"சத்தமா கூப்பிடு" என்றார்.

மறுக்கவே இல்லை.

நான் "கிரீன்!" என்பேன், அவர் "கிரீன்!" என்பார், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் கைதட்டுவார்கள். பத்து நாளில் அதற்கென்றே கூட்டம் வந்தது. மேடம் ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "சூப்பர் அம்மம்மா, ரோஜூ செய்யண்டி!" தினமும் செய்ய வேண்டுமாம். நானும் பல்லைக் காட்டினேன். ரவிக்கை அக்குளில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் சிமிட்டவே பயம். என் கண்ணுக்கும் அறுபத்தெட்டு வயசு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை. பஸ்ஸில் நாலே பேர். தெரு துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. எனக்கு என்ன புத்தியோ, சீண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒன்றுமில்லாத ரோட்டைப் பார்த்து, "ரெட்!" என்றேன். என்னைத் திட்டப்போகிறார் என்று வாயைப் பொத்திச் சிரிக்கவும் தயாராக இருந்தேன்.

"ரெட்!" என்றார். பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றது.

முன்னால் ஒரு காக்கை கூட இல்லை. அவர் அந்தக் காலி ரோட்டை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவர், "கைக்கு ரோக்கே, தாத்தா?" என்று கேட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று. இவர் உதடு அசையாமல் என்னிடம், "போயிடுச்சா?" என்றார்.

"இன்னாது?"

"குறுக்க வந்தது."

"போயிடுச்சுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? மீதி வழி முழுக்க நான்தான் பஸ்ஸை ஓட்டினேன், வாயால்.

அடுத்த சுற்றுக்கு ஒரு பள்ளிக்கூடமே ஏறியது. ஜன்னலெல்லாம் பிள்ளைகளின் தலையும் கையும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கியர் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் கூடையில் இருந்த பிளாஸ்டிக் கத்திரிக்காயை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கூப்பிடு."

நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏய், கூப்பிடுடி."

பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. "கிரீன்! கிரீன்!" என்று அவர்களே கத்த ஆரம்பித்தார்கள். பஸ் லேசாக ஒரு குலுங்கு குலுங்கியது. பத்தடி முன்னால், கைக்குழந்தையோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்தால் கத்திவிடுவது என்று நின்றேன்.

நகரவில்லை. அவர் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"முன்னால யாராவது இருக்காங்களா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் பஸ்ஸின் முன்கண்ணாடிப் பக்கம் குனிந்தார். கண்ணை இடுக்கினார். வெகு நேரம் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். அவர் இறங்கி, பஸ்ஸின் உடம்பைத் தடவிக்கொண்டே பின்பக்கம் நடந்து, பிள்ளைகளை ஏற்றிவிட்டு அங்கே நின்ற மேடத்திடம் சாவியை நீட்டினார்.

"மேரேகு திக்ரா நை, மேடம்."

கண் தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை என்னிடம் சொல்லாமல் அந்தச் சின்னப் பெண்ணிடம் சொன்னாரே என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டாள்.

வீடு திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே திரும்பிக்கொண்டார். நானும் சும்மா இருந்தேன். எனக்கு அது சுலபமான காரியமில்லை.

"கண்ணுல புரைன்னா கத்தி வெப்பாங்களா?" என்றார் கடைசியில்.

"வெப்பாங்க."

"நீ உள்ள வர நக்கோ, வேணாம். நீ எதனா சொல்லுவ, அந்த டாக்டர் சிரிச்சுத் தொலைப்பான்."

"சரி. நான் வெளிய உக்காந்துக்கறேன்."

இரண்டு ஸ்டாப் போனது.

"ரொம்ப தூரமா உக்காராத" என்றார்.