பாயின் கிராஃபை நான் வைத்த இடம்

இதை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் பாதி சொல்லியிருக்கிறேன், அதுவும் எனக்குச் சாதகமான பாதி.

2009. சென்னையில் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். என்னையும் அனுப்பினார்கள். கைக்குழந்தையோடு சின்ன காஞ்சிபுரத்தில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் படித்த ஒருவர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்தார். "வாத்தியார் பொண்ணு வூட்ல சும்மாத்தான இருக்குது, நம்ம கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு தரட்டுமே" என்று அப்பாவிடம் சொன்னாராம். சும்மா இருக்கிறேன் என்று எவர் சொன்னாலும் எனக்கு ஆகாது. மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடையில் போய் நின்றேன்.

அவருக்கு வேண்டியது சின்ன விஷயம். எந்த டிசைன் எந்த நெசவாளர் வீட்டுத் தறியில் ஓடுகிறது, சேலை எப்போது தறியிலிருந்து அறுபட்டு வரும், இது தெரிய வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள் போன் செய்து கேட்டால் மனிதர் நாலு நோட்டைப் புரட்டிவிட்டு, நெசவாளர்கள் இருக்கும் ஐயம்பேட்டைக்கு ஆள் அனுப்புவார்.

கிளவுட் என்று அப்போதுதான் எல்லாரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். சொந்தமாக சர்வர் வாங்க வேண்டாம். தகவல் வைக்க இடம், படம் வைக்க இடம், அப்ளிகேஷன் ஓட இடம், எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். தினமும் ரெண்டு மணி நேரம் கரெண்டு போகிற ஊரில் அது எனக்கு வரப்பிரசாதமாகப் பட்டது. முதலாளிக்குத்தான் சந்தேகம்.

"நம்ம சரக்கு அடுத்தவன் வூட்லயா இருக்கும்?"

"குடோன்தான் சார் அவங்களோடது. சாவி நம்மகிட்ட."

ஒன்றரை மாதத்தில் செய்து முடித்தேன். கடையில் பட்டனைத் தட்டினால் தறி, டிசைன், நாள் எல்லாம் வந்து விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாதென்று இன்னொன்றும் சேர்த்தேன்: ஒவ்வொரு டிசைனுக்கும் அதன் கிராஃப் தாளையும் படம் பிடித்து ஏற்றிவிடுவது. யாரும் கேட்கவில்லை. திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதை நிரப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. அவ்வளவுதான்.

கிராஃப் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓடுகிற அட்டைகளில் எங்கே ஓட்டை, எங்கே ஓட்டை இல்லை என்பதுதான் டிசைன். எந்த ஓட்டை எங்கே என்று கட்டம் கட்டமாகச் சொல்வது கிராஃப் தாள். சேலையைப் பார்த்து டிசைனைத் திருடுவது கஷ்டம். கிராஃப் கிடைத்தால் எந்த ஊரிலும் அட்டை குத்திவிடலாம். அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிராஃபை வரைந்து அட்டை குத்துகிறவர், வேலை முடிந்ததும் தாளை மடித்து முதலாளி கையிலேயே நேராகக் கொடுத்துவிடுவார். நகல் எடுக்க மாட்டார், இன்னொரு கடைக்கு அதைக் காட்ட மாட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவருக்கு அடுத்த வேலை வரும்.

இந்தக் கடைக்கு அதைச் செய்தவர் ஒரு பாய். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் வரைவார். கிளிகளை வரிசையாக வரைந்தால் அதில் ஒரே ஒரு கிளியைப் பின்னால் திரும்பிப் பார்க்க வைப்பார். ஏன் பாய் என்று கேட்டால், "எல்லாம் முன்னாலயே பார்த்துக்கினு போனா எப்படிமா, ஒண்ணாவது திரும்பிப் பார்க்கட்டும்" என்று சிரிப்பார்.

நான் கேமராவை எடுத்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"கிராஃபை மட்டும் படம் புடிக்காதம்மா. அது கைவிட்டுக் கை போற பொருள் இல்ல."

"பாய், உங்க வூட்டு பீரோவைவிட அது பத்திரமா இருக்கும். நீங்க கவலைப்படாம பீடி குடிங்க" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் என்னைக் கூசவைக்கிறது. கடையில் இருந்த நாற்பது கிராஃபையும் படம் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு ஏற்றினேன்.

ஒரு நாள் காலை முதலாளி போன் செய்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வீட்டுக்காரர்கள், முகூர்த்தச் சேலைக்குத் தங்களுக்கென்றே தனியாக டிசைன் போடச் சொல்லியிருந்தார்கள். அந்த பார்டரின் படம் அவர்களுக்குத் திறக்கவில்லை. "லைன்ல இருக்காங்கம்மா, மானம் போவுது, சீக்கிரம் பாரு" என்று கத்தினார். முறையாகச் செய்வதென்றால் அவர்களுக்கு மட்டும் தனி அனுமதி கொடுக்க வேண்டும். அரை நாள் வேலை. இடுப்பில் குழந்தை ஜுரத்தில் அழுதுகொண்டிருந்தது. கிராஃப் உட்பட எல்லாப் படங்களும் இருந்த இடம் மொத்தத்துக்கும் 'எல்லாரும் பார்க்கலாம்' என்று மாற்றினேன். நிஜமாகவா என்று திரையில் ஒரு மஞ்சள் கட்டம் கேட்டது. சரி என்று அழுத்தினேன். அந்தப் பக்கம் படம் வந்தது, முதலாளி "கெட்டிக்காரி" என்றார். சாயங்காலம் மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தும் போனேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கல்யாணப் பெண்ணின் அத்தை சென்னையிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தாள். அங்கே ஒரு கடை வாசலில் பொம்மைக்கு அதே பார்டரில் சேலை கட்டி நிறுத்தியிருக்கிறார்களாம். முதலாளி ஆள் அனுப்பி ஒன்றை வாங்கி வரச் சொன்னார். விசைத்தறிச் சேலை, கையில் எடுத்தால் காகிதம் மாதிரி இருந்தது. ஆனால் பார்டர் அதேதான். வரிசையில் ஒரு கிளி பின்னால் திரும்பிப் பார்த்தது.

அசல் சேலையோ ஐயம்பேட்டையில் பாதி நெய்தபடி தறியிலேயே இருந்தது. அட்டையும் பெட்டியை விட்டு இறங்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் தங்கள் சேலையைத் தாங்களே ஊருக்குக் காட்ட மாட்டார்கள். அப்படியானால் கிராஃப்தான் வெளியே போயிருக்கிறது. சாயங்காலம் கடைக்கு வரும்படி பாய்க்கும் எனக்கும் ஆள் வந்தது.

போவதற்கு முன் லேப்டாப்பைத் திறந்தேன். யார் எந்தப் படத்தை எப்போது பார்த்தார்கள் என்று கிளவுட் தானாகவே ஒரு பதிவு வைத்திருக்கும். அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எங்கிருந்தோ ஒரே ஆள், நான் திறந்துவிட்ட மூன்றாம் நாள், ஒன்றிலிருந்து நாற்பது வரை வரிசையாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். படத்தின் முகவரியில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறான், வேறொன்றும் செய்யவில்லை. பூட்டை உடைக்கவே இல்லை. கதவுதான் நன்றாகத் திறந்து கிடந்ததே! உடனே அனுமதியை மூடினேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு, கடைக்குப் போனேன்.

பாய் கடை ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

"ஏம்மா, உன் கம்ப்யூட்டர்லருந்து போயிருக்குமா?" என்றார் முதலாளி.

"இல்லைங்க சார். அதுக்குப் பூட்டு போட்டிருக்கு."

அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். ஒரு மணி நேரம் முன்னால் நான் போட்ட பூட்டு. வழியெல்லாம் ஆட்டோவில் இந்த வாக்கியத்தைத்தான் தயார் செய்துகொண்டு வந்தேன்.

"வாத்தியார் பொண்ணு சொன்னா சரிதான்" என்று முதலாளி பாயின் பக்கம் திரும்பினார். "அப்போ நீயே சொல்லு பாய்."

"அல்லா மேல சத்தியமா நான் தரல முதலாளி. பதினெட்டு வருஷமா உங்களாண்ட வேலை செய்யறேன்."

"பாய் அப்படிப்பட்டவர் இல்லைங்க சார்" என்று நான் சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன். தள்ளிவிட்டுவிட்டு, பார்த்து விழுங்கள் என்று சொல்கிற மாதிரி. பாய்க்குக் கொடுப்பதற்காக மேசை மேல் வைத்திருந்த புதுக் கிராஃப் தாள்களை முதலாளி எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பாய் அதைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாளி திட்டியிருப்பார். அப்பாவுக்குத் தலைகுனிவு. ஊரில் அடுத்த வேலை கிடைத்திருக்காது. எனக்குப் படிப்பு இருந்தது, சென்னை இருந்தது. அவருக்கு அந்த ஒரு பெயர்தான் இருந்தது. இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே பேச்சு பரவ ஒரு வாரம் அதிகம். மற்ற கடைகளும் பாய்க்குக் கிராஃப் வேலை கொடுப்பதை நிறுத்தின. யாரும் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. இப்போதைக்கு வேலை இல்லை பாய், அப்புறம் பார்க்கலாம் பாய் என்றார்கள். எனக்கோ அதே தெருவில் இன்னும் இரண்டு கடைகள் அதே அப்ளிகேஷனைக் கேட்டன. செய்து கொடுத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் பாய் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன். "இருக்கட்டும்மா" என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. நம்ம மருமகன் சொல்றான், கம்ப்யூட்டர்ல யாரு வந்தாங்கோ, யாரு பார்த்தாங்கோன்னு எல்லாம் எழுதி வச்சிருக்குமாமே. அதை ஒரு தபா பாரும்மா. வேற எவனாச்சும் எடுத்திருந்தான்னா, நீ முதலாளியாண்ட ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா அவரு கேப்பாரு."

உள்ளே லேப்டாப் திறந்தே இருந்தது. அந்தப் பதிவும் அப்படியேதான் இருந்தது. அவர் கேட்டது அதைத்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"அதெல்லாம் கொஞ்ச நாள்தான் பாய் இருக்கும். அப்புறம் தானா அழிஞ்சிடும்" என்றேன்.

"அழிஞ்சிபோச்சா" என்றார். தலையாட்டினார்.

"பரவால்லமா. அன்னிக்கு அம்மாம் பேருக்கு நடுவுல எனக்காகப் பேசினது நீ ஒருத்திதான். வூட்ல கூடச் சொன்னேன். அதனால உனக்கு ஒண்ணும் பிரச்சனை வரலையே?"

"இல்லை பாய்" என்றேன்.

"குழந்தைக்கு ஒடம்பு தேவலையா?"

"தேவலை."

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் உள்ளே போனேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள், அவரிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று, அந்தப் பதிவை அழித்தேன்.