விசாரணைக்கு நாற்பது நிமிடம் முன்னால் வந்த தீர்ப்பு

என் அக்காவுக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, இரண்டு கரண்டி எல்லாம் நிறுத்தி வைத்து எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடா, இதுல உப்பு எந்தக் கட்சி?" என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆனால் எந்த வீரருக்கு எத்தனை ஆட்டம் தடை என்பது நாடு முழுவதற்கும் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அவள் லீக் அலுவலகத்தில், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தட்டச்சர். சிவப்பு அட்டை வாங்கியவன், நடுவரைத் திட்டியவன், எதிராளியின் காதைக் கடித்தவன், எல்லாரும் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து அவள் எதிரில்தான் உட்கார்ந்தாக வேண்டும். விசாரணை அறையில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். எதிர்ப்பக்கம் வீரருக்கு ஒரு நாற்காலி. பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்ததோ என்னவோ, அத்தனை குட்டை. மூலையில் அக்காவும் அவளுடைய கம்ப்யூட்டரும்.

தலைவர் நேரத்தை வீணாக்காத மனிதர். எவ்வளவு வீணாக்காதவர் என்றால், செவ்வாய்க்கிழமை விசாரணைக்குத் திங்கட்கிழமை மாலையே தீர்ப்பைச் சொல்லி டைப் அடிக்க வைத்துவிடுவார். ஒவ்வொரு தீர்ப்பிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "வீரரின் விளக்கம் கவனமாகக் கேட்கப்பட்டது, ஆயினும் ஏற்கத்தக்கதாக இல்லை." இதை அடித்து அடித்து அக்காவுக்கு விரல் தேய்ந்தது. அதனால் அந்த முழு வாக்கியத்தையும் ஒரே பட்டனில் ஏற்றி வைத்துக்கொண்டாள். தட்டினால் வந்து விழும். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை வேறு.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பெரிய கிளப்பின் பைத்தியம். எங்கள் கிளப்பின் முன்னணி வீரரை நாங்கள் தங்கக்கால் என்போம். போன மாதம் தங்கக்கால், கோட்டோரம் நின்று கொடி தூக்கிய லைன்ஸ்மேனைப் பிடித்துத் தள்ளினான். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நான் தெருவில் குதித்துக் கூத்தாடினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சின்ன கிளப்பின் தடுப்பாட்டக்காரன், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் ஆள், அதே மாதிரி ஒரு லைன்ஸ்மேனைத் தள்ளினான். தலைவர் திங்கட்கிழமை மாலை சொன்னார்: எட்டு ஆட்டம் தடை. சீசனில் மிச்சம் இருந்ததே எட்டு ஆட்டம்தான். நெட்டைக்கு வயது முப்பத்து மூன்று, ஒப்பந்தமும் இந்த சீசனோடு முடிகிறது. எட்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தால் அடுத்த வருடம் எவன் கூப்பிடுவான்? ஆள் கதை அத்தோடு முடிந்தது. அக்கா பட்டனைத் தட்டி, தீர்ப்பை முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை பத்து இருபதுக்கு, "பதினொரு மணிக்கு விசாரணை, மறவாமல் வரவும்" என்ற நினைவூட்டலை நெட்டைக்கு அனுப்பினாள். அல்லது அனுப்பியதாக நினைத்தாள். இரண்டு கோப்புக்கும் நெட்டை பேரையும் செவ்வாய்க்கிழமைத் தேதியையும்தான் வைத்திருந்தாள். போனது தீர்ப்பு.

பதினொரு மணிக்கு நெட்டை வந்தான், உட்கார்ந்தான், முட்டி இரண்டும் மேசையில் இடித்தது. பக்கத்தில் வீரர்கள் சங்கத்து வக்கீலம்மா. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுப்பா, உன் தரப்பு என்ன?" என்றார்.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம் சார்." நெட்டை போனை எடுத்தான். "நான் சொன்னதைக் கவனமா கேட்டீங்கன்னு இதுல போட்டிருக்கு. நான் இன்னும் வாயவே தெறக்கலையே?"

ஒரு உறுப்பினருக்குத் தண்ணீர் புரையேறியது. இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்தார்.

"வாசிங்க, வாசிங்க," என்றாள் வக்கீலம்மா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"'வீரர் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை'ன்னும் இருக்கு. எப்போ சார் தெரிவிக்கல? இது வந்தப்போ நான் இன்னும் பஸ்லதான் இருந்தேன்."

தலைவர் பத்து நிமிடம் இடைவேளை என்று எழுந்துவிட்டார். நடையில் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். "அது வேற கேஸுக்குப் போட்டு வெச்ச மாதிரிப் படிவம், தெரியாம போயிடுச்சுனு சொல்லிடும்மா. ரெண்டு வார்த்தை. முடிஞ்சுது. இல்லேன்னா இந்த வேலையில நீ இருக்க முடியாது, பாத்துக்கோ."

அக்கா கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எனக்குப் போன் பண்ணினாள். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கேஸைக் கிளறினால் தங்கக்காலின் பழைய கேஸையும் கிளறுவார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. "பேசாம படிவம்னு சொல்லிடுக்கா," என்றேன்.

"டேய், நீ எந்தக் கட்சிடா? உப்பா மிளகா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மறுபடி எல்லாரும் உட்கார்ந்ததும் வக்கீலம்மா தட்டச்சரைச் சாட்சியாகக் கேட்க வேண்டும் என்றாள். அங்கேதான் ஒரு சிக்கல். விசாரணையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்வதும் அக்காதான். வேறு ஆள் கிடையாது. ஆக, கேள்வியையும் அவளே அடித்து, பதிலையும் அவளே சொல்லி, சொன்னதையும் அவளே அடிக்க வேண்டும்.

"இந்தத் தீர்ப்பு எப்போ எழுதினது?"

"கொஞ்சம் இருங்க, கேள்விய முடிச்சுக்கிறேன்." டக் டக் டக். "ஆங். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

தலைவர் தொண்டையைச் செருமினார். அக்கா, "செருமினதையும் போடணுமா சார்?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம்.

"வீரர் சொன்னதைக் கவனமா கேட்டதா நீங்க எப்படி எழுதினீங்க?"

"நான் எழுதலைங்க. அதுக்கு ஒரு பட்டன் இருக்கு." டக் டக். "இருபத்திரண்டு வருஷத்துல எல்லாத் தீர்ப்புலயும் அதேதான் வரும். இதோ பாருங்க." தட்டிக் காட்டினாள். வாக்கியம் வந்து விழுந்தது. நெட்டை எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர்கூட நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை தட்டுங்க," என்றான் நெட்டை. தட்டினாள். அறையே சிரித்தது, தலைவர் தவிர.

வெளியே வந்த அக்கா நேராகத் தன் இடத்துக்குப் போனாளாம். வேலை போய்விட்டது என்றே நினைத்து, மேசையிலிருந்த செடியையும் சீப்பையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வேலை போகவில்லை. விளக்கம் கேட்டு ஒரு மெமோ மட்டும் வந்தது. அதை டைப் அடிக்க வேறு ஆள் இல்லாததால் அதையும் அவள்தான் அடித்தாள். தலைவர் உடல்நிலை சரியில்லை என்று விலகினார். பாவம், நல்ல திடமாகத்தான் இருந்தார்.

இரண்டு வாரத்தில் புதுக் குழு வந்தது. பழைய தீர்ப்பு ரத்து, அதுவரை நெட்டைக்குத் தடை கிடையாது. புது விசாரணையில் எல்லாரும் மறுபடி அதே மேசையில் உட்கார்ந்தார்கள். இந்த முறை அக்காவிடம் முன்கூட்டி அடித்த தாள் ஒன்றும் இல்லை.

"தள்ளினியா?" என்று கேட்டார் புதுத் தலைவர்.

"ஆமாங்க, தள்ளினேன்."

அக்கா திடுக்கிட்டுப் போனாள். இவனுக்காகவா இத்தனை பாடு என்று ஒரு நிமிடம் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"ஏன் தள்ளினே?"

இந்த மாதிரி ஒரு கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டு அக்கா பார்த்ததே இல்லை. நெட்டை சொன்னான். அவன் கிளப்பின் கோல்கீப்பர் தலையில் அடிபட்டு மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தான். நடுவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் பையோடு ஓடி வந்தார். நடுவர் கை காட்டாமல் உள்ளே விட முடியாது, அதுதான் விதி என்று லைன்ஸ்மேன் குறுக்கே நின்றார். "கொஞ்சம் நகருங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை கை பேசிடுச்சு. தப்புதான்."

அக்கா ஒரு வார்த்தை விடாமல் அடித்தாள். பதினொரு பக்கம் வந்தது. தீர்ப்பு: தள்ளியது தவறு, இரண்டு ஆட்டம் தடை. அதே கையோடு தங்கக்காலின் பழைய கேஸையும் தூசி தட்டி, அவனுக்கு நான்கு ஆட்டம் போட்டார்கள். மூன்று நாள் நான் அக்காவோடு பேசவில்லை. நான்காம் நாள் வெட்கம் வந்தது, நானே போய்ப் பேசினேன்.

அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னாள். விசாரணை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, நெட்டை மட்டும் அவள் மேசையருகே வந்து நின்றானாம்.

"அக்கா, அதுல ஒரு காப்பி கிடைக்குமா?"

"எதுக்குப்பா? ரெண்டு ஆட்டம் தடைன்னு போட்டிருக்கே."

"கடைசிப் பக்கம் வேண்டாம்க்கா. நான் பேசின பக்கம் மட்டும் போதும். கோல்கீப்பர் இன்னும் ஆஸ்பத்திரியில இருக்கான். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னே அவனுக்குத் தெரியாது."