அப்பாவின் கிரெஃப், அக்காவின் கிரெஃப்

பாரிஸ் புறநகரில் என் மருந்துக்கடைக்காரப் பெண் மாதம் தவறாமல் மாத்திரைப் பையைக் கொடுத்துவிட்டு ஒரு விரலை ஆட்டுவாள்: "பம்ப்ளமூஸ் கூடாது, முசியே." நானும் தலையாட்டுவேன். காரைக்காலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரத்தின் பெயர் பம்பளிமாஸ். இந்த ஊர்ப் பம்ப்ளமூஸ், கிரேப்ஃப்ரூட் என்பார்களே அந்தப் பழம், சிறியது, கசப்பது. எங்களுடையது தலை பெரிது, உரித்தால் வீடே மணக்கும். யாரிடமிருந்து யார் பெயரை வாங்கினார்களோ, தெரியாது. இரண்டுமே எனக்கு ஆகாதாம், மருந்தை இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏற்றிவிடுமாம். இத்தனை வருடத்தில் இந்த நாடு என்னிடம் எத்தனையோ தாள்களைக் கேட்டிருக்கிறது. ஒரு பழத்தை விடச் சொன்னது இப்போதுதான். இந்த மாத்திரைகளின் வேலை, என் உடம்பின் காவலைக் கொஞ்சம் மந்தமாக வைத்திருப்பது. இல்லாவிட்டால் என் அடிவயிற்றில் வலப்பக்கம் இருக்கும் அக்காவின் சிறுநீரகத்தை அந்நியம் என்று அடித்து அழித்துவிடும்.

மூன்று வருடம் முன்பு, என் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதானபோது, டாக்டர் "கிரெஃப்" என்றார். உறுப்பு மாற்றுக்குப் பிரெஞ்சில் அதுதான் சொல். காரைக்கால் பக்கம் நெடுங்காட்டில் வயலும் மாடுமாக இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை; சொன்னால் அவளுடையதைக் கேட்டதாக ஆகிவிடும். "கிரெஃப் வேணுங்கிறாங்கக்கா" என்று மட்டும் சொல்லிவைத்தேன். வந்தது கோளாறு. எங்கள் வீட்டில் கிரெஃப் என்றால் கோர்ட்டுப் பதிவு அலுவலகம். அப்பா அங்கே குமாஸ்தா. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் பல காலமாகியும் "கிரெஃப்புக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சைக்கிளை எடுப்பார். அக்கா பதறிவிட்டாள். "பேப்பர்ல சிக்கலா தம்பி? நீ கவலப்படாத. அப்பா அம்மா கல்யாணப் பத்திரம், நம்ம ரெண்டு பேரு பொறப்புச் சான்று, எல்லாத்தையும் எடுத்து அனுப்புறேன்." நான் திருத்துவதற்குள் வைத்துவிட்டாள். பத்தே நாளில் கூரியர் வந்து நின்றது. அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். பின்னால் மாடு கத்துவது கேட்டது. "கிட்னிதானா? ஒன்னைய நாட்ட விட்டே தொரத்துறாங்களோன்னுல்ல பயந்துட்டேன்" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

இங்கே உயிரோடிருப்பவர் உறுப்புக் கொடுப்பதானால் நீதிமன்றத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். உறவைக் காட்ட, அக்கா தவறாகப் புரிந்துகொண்டு அனுப்பிய அந்தத் தாள்களே உதவின. விசா எடுத்து வந்தவள், கோர்ட்டில் ஒரு கதவின் மேல் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கிரெஃப். "அப்பா ஆபீசு" என்று அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே நடந்ததை மொழிபெயர்த்த யாழ்ப்பாணப் பெண் பிறகு எனக்குச் சொல்லிச் சிரித்தார். யாரும் வற்புறுத்தினார்களா என்பது நீதிபதியின் கேள்வி. "ஆராவது உங்களை நெருக்கினவையோ?" என்று இவர் கேட்க, "மெட்ரோவுல கொஞ்சம் நெருக்குனாங்கம்மா, மத்தபடி எல்லாரும் மரியாதையாத்தான் இருக்காங்க" என்றாளாம் அக்கா. திரும்ப விளக்கிக் கேட்டதும், "அதுவா? அவந்தான் வேணாம் வேணாம்னு நின்னான்" என்றாளாம்.

அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் என் பயத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசினார். தன்னுடையது எது, பிறருடையது எது என்று பார்த்துப் பிறரை அடிப்பதுதான் எதிர்ப்புச் சக்தி என்று அவர் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். இப்போது கதை மாறியிருக்கிறது. அடிக்கப் போகும் கையைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே உடம்பில் தனிச் செல்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் என்றார். எனக்கு நாகூர் எல்லைச் செக்போஸ்ட் ஞாபகம் வந்தது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. மது பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவாமல் விடமாட்டார்கள். அப்பாவின் சைக்கிளில் நான் முன்னால் உட்கார்ந்து போவேன். புதிதாக வந்த போலீஸ்காரர் பையைப் பிடிப்பார். உள்ளேயிருந்து ஏட்டு குரல் கொடுப்பார்: "விடுப்பா, நம்ம கோர்ட்டு அய்யா." என் உடம்பிலும் அப்படி ஏட்டுகள் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவர்களைப் பழக்கி மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று முயன்று பார்க்கிறார்களாம். அது கைகூடும் வரை எனக்குப் பம்பளிமாஸ் கிடையாது.

இந்த வாரம் பரிசோதனை முடிவு வந்தது. உடம்பு இன்னும் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. சொல்லலாமென்று வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா பழம் உரித்துக்கொண்டிருந்தாள், கிணற்றடி மரத்திலிருந்து பதியன் போட்டுக் கொண்டுபோய் வைத்த மரத்துப் பழம். "ஒம் பங்கையும் நானே திங்குறேன்" என்றாள். பிறகு என் பின்னால் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்த பனியைப் பார்த்தாள்.

"அதுக்குக் குளிருதாடா அங்க?"

"எதுக்கு?"

"அதுக்குத்தாண்டா."

ஸ்வெட்டருக்குள் கைவிட்டு வலப்பக்கம் தொட்டுப் பார்த்தேன்.

"இல்லக்கா. அது கதகதன்னுதான் இருக்கு. எனக்குத்தான் குளிருது."